ஒரு துளி ஈயம், ஒரு பிழைப்பு

சில நூறு ரூபாய்க் கருவி. இரண்டு மூன்று விநாடி வேலை. ஆனால் சால்டரிங் அயர்னைப் பார்த்து வாங்கவும் பதமாகப் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் உள்ள தூரம் அதிகம்.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட். மும்பையில் லாமிங்டன் சாலை. பெங்களூரில் எஸ்.பி. ரோடு. சென்னையில் ரிச்சி தெரு. ஊர் வேறு, பேச்சு வேறு. ஆனால் நான்கு இடங்களிலும் மூக்கில் ஏறும் வாசனை ஒன்றுதான்: சூடான முனையில் உருகும் பைன் பிசினின் புகை. கையகல மேஜை, தலைக்கு மேல் ஒரு விளக்கு, பிரித்துப் போட்ட செல்போன் அல்லது இன்வெர்ட்டர் போர்டு, அதன் மீது குனிந்த ஒரு தலை. நாட்டின் பழுது பார்க்கும் தொழில் நிற்பது இந்தக் காட்சியின் மீதுதான்.

இந்தத் தொழிலுக்கு முதலீடு குறைவு. ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக் கம்பி, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் கடை திறந்துவிடலாம். நுழைவது இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் பாடம் கேட்காமல் நுழைகிறார்கள். பக்கத்து மேஜையைப் பார்த்துப் பழகுகிறார்கள். பக்கத்து மேஜையின் தவறுகளும் சேர்ந்தே வருகின்றன. பல ஆயிரம் ரூபாய் போர்டில் ஒரு தாமிரத் தடம் பெயர்ந்து வந்துவிட்டால், நஷ்டம் வாடிக்கையாளருக்கு. போகும் பெயர் கடைக்காரருக்கு.

பழைய தொழில், புது மேஜை

தொழிலின் அடிப்படை தமிழர்களுக்குப் புதிதல்ல. உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்று பழைய பெயரே இருக்கிறது. வெள்ளீயம், காரீயம் என்று இரண்டு உலோகங்களையும் ஒரே குடும்பமாகப் பார்த்ததும் இந்த மொழிதான். எலக்ட்ரானிக் மேஜையில் இருக்கும் கம்பி அந்த இரண்டும் கலந்ததே.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பார். நகை செய்யும் பத்தர் வெண்காரம் வைத்துத்தான் பற்றவைப்பார். எலக்ட்ரானிக் மெக்கானிக் பைன் மரப் பிசினை நம்புகிறார். மூன்றும் செய்யும் வேலை ஒன்று. சூடான உலோகத்தின் மேல் காற்று பட்டவுடன் படியும் களிம்பை அகற்றுவது. களிம்பு இருக்கும் வரை ஈயம் பரவாது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். ‘ஃபிளக்ஸ்’ என்று கடையில் கேட்டு வாங்குவது இந்தப் பொருளைத்தான். இமாசலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் சீர் பைன் மரங்களைக் கீறி எடுக்கும் பாலைக் காய்ச்சினால் ஒரு பக்கம் டர்பன்டைன், மறுபக்கம் இந்தப் பிசின்.

எனவே சால்டரிங்குக்குத் தேவை மூன்றே: சுத்தமான பரப்பு, போதுமான சூடு, சரியான நேரம். கருவியைத் தேர்ந்தெடுப்பதும் இந்த மூன்றை வைத்துத்தான்.

வாட் என்னும் குழப்பம்

கடையில் முதல் கேள்வி ‘எத்தனை வாட்?’ என்பது. வாட் அதிகம் என்றால் தரம் அதிகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. வாட் என்பது முனைக்கு எவ்வளவு வேகமாக வெப்பம் வந்து சேர்கிறது என்பதன் அளவு. சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத சாதாரண அயர்ன், போட்ட இடத்தில் ஏறிக்கொண்டே போகும். 60 வாட் அயர்ன் சும்மா கிடந்தால் முனை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதைக் கொண்டு சிறு போர்டைத் தொட்டால் தாமிரத் தடம் பசை விட்டுக் கிளம்பும்.

அதனால் போர்டு வேலைக்கு, ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், எல்.இ.டி. போன்றவற்றுக்கு 25 வாட் போதும். கொஞ்சம் தடித்த ஒயர், ஸ்விட்ச், ஸ்பீக்கர் முனைகளுக்கு 35 வாட். பேட்டரி கேபிள், தகரம் போன்ற பெரிய உலோகத்துக்கு 60 முதல் 100 வாட் வரை. பெரிய உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; சிறிய அயர்ன் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. அந்த வேலையில் 25 வாட்டை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது, 60 வாட்டை இரண்டு விநாடி வைப்பதைவிட அதிகக் கேடு.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு நல்ல வழி, சூட்டைக் குறித்து வைக்கக்கூடிய ‘ஸ்டேஷன்’. முனைக்கு அருகே உணரி இருக்கும். சூடு குறைந்தால் மின்சாரம் கூடும், குறித்த அளவு வந்ததும் குறையும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டேஷன்களில் பல, ஜப்பானின் ஹக்கோ நிறுவனத்தின் 936 என்ற பழைய மாடலைப் பார்த்துச் செய்தவை. அந்த முனைகளும் எளிதில் கிடைப்பதால் அதில் லாபமும் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் யூஎஸ்பி-சி சார்ஜரிலேயே ஓடும் பேனா அளவு அயர்ன்களும் வந்துவிட்டன. சில விநாடிகளில் சூடேறும். பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பவர்களுக்கு வசதி. ஆனால் சார்ஜரின் சக்தி குறைந்தால் அயர்னின் சக்தியும் குறையும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. ஒயர் வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பான ஒயர் மணிக்கட்டை இழுக்கும். பிளக் மூன்று முள்ளாக இருப்பது நல்லது. எர்த் இல்லாத அயர்னில் கசியும் மின்சாரம் கையைக் கடிப்பதோடு, நுண்ணிய சில்லுகளையும் சத்தமின்றிக் கொன்றுவிடும். சோதிப்பது எளிது. பிளக்கைச் சுவரில் செருகாமல், மல்டிமீட்டரில் முனைக்கும் எர்த் முள்ளுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா, முனைக்கும் மற்ற இரு முட்களுக்கும் இடையே தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடைசியாக, அந்த அயர்னுக்கு மாற்று முனை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கிடைக்காது என்றால் அது ஒரு முனையின் ஆயுள் உள்ள கருவி.

அரம் போடாதீர்கள்

முனையில்தான் பலரும் முதல் தவறு செய்கிறார்கள். கறுத்துப்போன முனையைக் கண்டால் கை தானாக அரத்தைத் தேடுகிறது. பழைய வெறும் தாமிர முனைக்கு அது சரி. இன்றைய நல்ல முனைகள் அப்படியல்ல. உள்ளே தாமிரம், மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. ஈயம் தாமிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்றுவிடும் என்பதால்தான் அந்தப் பூச்சு. அரமோ உப்புத்தாளோ ஒருமுறை பட்டால் பூச்சு போய்விடும். சில நாளில் முனை குழிவிழும்.

சரியான பராமரிப்பு வேறு. புது முனை முதன்முதலாகச் சூடேறும்போதே அதன் மேல் ஈயத்தை உருகவிட்டு மூடிவிட வேண்டும். வேலையின் நடுவே ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைக்கலாம். பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. அணைத்து வைக்கும் முன் மறுபடி ஒரு துளி ஈயம் பூச வேண்டும். துடைத்துப் பளபளவென்று வைத்தால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும்.

முனையின் வடிவமும் முக்கியம். ஊசி முனைதான் நுட்பமான வேலைக்கு ஏற்றது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஊசி முனை தொடும் இடம் குறைவு. வெப்பம் போய்ச் சேராது. உளி போன்ற தட்டை முனை, அதுவும் 2 மில்லி மீட்டர் அளவில், பெரும்பாலான போர்டு வேலைகளுக்குக் கை கொடுக்கும்.

கம்பிச் சுருளைக் கவனியுங்கள்

வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு கலந்தால் ஒரு விசேஷம். 183 டிகிரியில் அப்படியே உருகும். அதே சூட்டில் அப்படியே உறையும். நடுவில் குழைந்த நிலை கிடையாது. 60/40 கலவை இதற்கு மிக அருகில் வரும். 190 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். இதுவே 40 பங்கு வெள்ளீயம், 60 பங்கு காரீயம் என்று தலைகீழானால் முழுதாக உருக சுமார் 238 டிகிரி வேண்டும். ஆறும்போது வெகு நேரம் கூழாக இருக்கும்.

வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பல மடங்கு. ஆகவே மலிவான கம்பி என்றால் வெள்ளீயம் குறைவாக இருக்கக்கூடும். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் கம்பி உருகும் விதம் காட்டிக்கொடுத்துவிடும். தயங்கி உருகி, மெதுவாக உறைந்து, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக நின்றால் கம்பி நம்பத்தக்கதல்ல. போர்டு வேலைக்கு உள்ளே பிசின் உள்ள 22 கேஜ் கம்பி, அதாவது 0.7 மில்லி மீட்டர், ஏற்றது. குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸைப் போர்டில் தொடவே கூடாது. அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும். பிறகு இணைப்பையே அரித்துவிடும்.

இரண்டு விநாடிப் பாடம்

பயிற்சியின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: ஈயத்தை அயர்னால் உருக்காதே, இணைப்பின் சூட்டால் உருக்கு. முனையில் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பசை தடவுவதுபோல் தடவுவது பரவலான பழக்கம். போகும் வழியிலேயே பிசின் எரிந்து புகையாகிவிடும்; களிம்பை அகற்ற ஆளில்லை.

முறையாகச் செய்வது இப்படி. முனை ஒரே நேரத்தில் இரண்டையும் தொட வேண்டும்: போர்டின் தாமிர வட்டத்தையும், அதன் வழியே வந்த பாகத்தின் காலையும். ஒரு விநாடி பொறுத்து, எதிர்ப்புறத்திலிருந்து கம்பியைக் காட்ட வேண்டும். ஈயம் தானாக ஓடி வட்டத்தை நிரப்பும். முதலில் கம்பியை எடுக்க வேண்டும், பிறகு அயர்னை. ஈயம் உறையும் வரை எதுவும் அசையக் கூடாது. எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று விநாடி.

நல்ல இணைப்பு எரிமலை போல் இருக்கும்: கீழே அகன்று, பக்கங்கள் உட்குழிந்து, நடுவில் கால் நீட்டிக்கொண்டு. உருண்டையாக முத்துப் போல் நின்றால் ஈயம் அதிகம் அல்லது சூடு போதவில்லை. உறையும்போது அசைந்தால் மங்கி வெடிப்பு விடும். தொழிலில் இவற்றைப் பொதுவாக ‘டிரை சால்டர்’ என்பார்கள். இதில் ஆபத்து என்னவென்றால் அன்றைக்கு வேலை செய்யும். டி.வி.யைத் தட்டினால் படம் வருவதும், மழைக்காலத்தில் மட்டும் இன்வெர்ட்டர் மக்கர் செய்வதும் பல சமயம் இதன் கைவரிசை.

போட்டதை எடுப்பதும் பாடத்தின் பாதி. உருக்கிய ஈயத்தை உறிஞ்சும் பம்ப் ஒன்று, தாமிரப் பின்னல் பட்டை ஒன்று. பழைய ஈயம் அடம் பிடித்தால் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கினால் இளகி வரும். பழகுவதற்கு எடைக்குப் போடும் ரேடியோ போர்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஐம்பது பாகங்களைக் கழற்றி மறுபடி பொருத்தியவருக்குக் கை தானாகப் பழகிவிடும்.

ஈயமா, ஈயம் இல்லாததா?

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவிலும் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், சாதனங்களின் பாகங்களில் காரீயம் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தன. அதனால் புது செல்போன், டி.வி. போர்டுகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளீயம், வெள்ளி, தாமிரக் கலவை. உருகுநிலை 217 டிகிரியில் தொடங்குகிறது. முனையின் சூடு காரீயக் கம்பிக்கு 320 முதல் 350 டிகிரி என்றால், இதற்குச் சுமார் 30 டிகிரி கூட்ட வேண்டும். இந்த இணைப்பு இயல்பாகவே கொஞ்சம் மங்கலாக இருக்கும். அதை டிரை சால்டர் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சுடுவது போர்டைப் பாழாக்கும்.

விண்வெளித் துறை மட்டும் காரீயத்தை எளிதில் விடவில்லை. தூய வெள்ளீயத்தின் மேல் காலப்போக்கில் மெல்லிய இழைகள் முளைத்து மின்கசிவை உண்டாக்கும். 1998 மே மாதம் கேலக்ஸி-4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் வாய் மூடியதற்கு இந்த இழைகளே காரணம் என்று சொல்லப்பட்டது. சிறிது காரீயம் கலந்தால் இழை முளைப்பது பெரிதும் அடங்கும்.

மேஜையில் உட்காருபவரின் உடம்பு என்னாகும்? சால்டரிங் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. கண்ணில் படும் புகை பிசின் புகை. அது மூச்சுக்குழலை உறுத்தி நாளடைவில் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். காரீயம் உள்ளே போகும் வழி வேறு: விரல். கம்பியைப் பிடித்த கையோடு சமோசா சாப்பிடுவதும், கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வதும்தான் உண்மையான ஆபத்து. காரீயத்துக்குப் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதிப்பு அதிகம். எனவே மேஜையில் டீ வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையை முகத்திலிருந்து இழுத்துச் செல்லும்படி சிறு விசிறி வேண்டும். வெட்டும் கால்கள் தெறிக்கும் என்பதால் கண்ணாடி வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்றுத் தருபவர்கள் காரீயம் இல்லாத கம்பியைத் தேர்ந்தெடுப்பதே முறை.

கற்க இடம் உண்டு

ஐ.டி.ஐ.க்களின் இரண்டாண்டு எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் சால்டரிங் முறையான பாடம். 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் 10,000 பள்ளிகளுக்குச் சென்றது. மேலும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அயர்னைத் தொடும் காலம் இது. பொருளை வாங்கியவருக்கே அதைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்ததும், உரிமைக்கான இணையதளம் திறந்ததும் இந்தக் கைத்தொழிலுக்குக் கிடைத்த மரியாதை.

ஆனால் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. கையில் திறமையும் வேண்டும். அது இல்லாத இடத்தில், இரண்டு ரூபாய் கெப்பாசிட்டருக்காக ஒரு முழு போர்டு குப்பைக்குப் போகிறது. அங்கிருந்து தில்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போய், தீயில் வாட்டிப் பாகங்களைப் பிரிக்கும் ஏழைகளின் நுரையீரலில் முடிகிறது. ஒரு மேஜையில் பதமாக விழும் ஒரு துளி ஈயம் அந்தப் பயணத்தை முதல் அடியிலேயே நிறுத்திவிடும்.