பத்தொன்பதாவது பெண்

ஏப்ரல் கடைசியில் வகுப்பறையைப் பூட்டும்போது, கல்யாணம் முடிந்த வீடு மாதிரி ஒரு வெறுமை இருக்கும். அன்னூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எனக்கு. போன ஜூனில் வந்து சேர்ந்தவர்கள் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேரின் வால்தனத்தைச் சொல்லப் புகுந்தால் இந்த இதழே போதாது! பத்தொன்பதாவது பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் தப்பும் அதில் இருக்கிறது.

ஒடிசாவிலிருந்து நூல் மில் வேலைக்கு வந்த குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் ஷிப்டு. பெண்ணுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

எங்கள் பள்ளிகளில் 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பைச் சரிக்கட்ட வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துவோம். பெயரெல்லாம் அழகுதான். ஆனால் யார் அரும்பு, யார் மலர் என்று அதுகளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்!

இவளைத் தமிழில் அரும்பில் வைத்தேன். அது சரி. கணக்கிலும் அரும்பு என்றே குறித்துவிட்டேன். எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாளே, என்ன செய்வது? "புள்ளை கொஞ்சம் மந்தமுங்க டீச்சர்" என்று சமையல் அக்கா சொன்னபோது, நானும் மறுத்துப் பேசவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள். புளியங்கொட்டைகளைக் கொடுத்து, பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு வாசல்வரை போய் வந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் முன்னே அழகாக நாலு குவியல், தனியே மூன்று கொட்டை. வாய்க்குள் முணுமுணுப்பு: "ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச..." நாற்பத்து மூன்று! 'மலர்' பையன் இன்னும் இரண்டாவது குவியலிலேயே தடுமாறிக்கொண்டிருந்தான். அவளுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. நான் கேட்ட பாஷைதான் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளை எனக்கு வாத்தியாராக்கினேன். "கண்ணு, தண்ணிக்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று சைகையோடு கேட்டேன். "பாணி." மீனுக்கு? "மாச்ச." வகுப்பே கூடச் சொன்னது. "டீச்சர், பாணி குடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று ஒரு வாண்டு கேட்க, அவள் சிரித்தாள் பாருங்கள்... அன்றைக்குத்தான் அந்தப் பல்வரிசையையே பார்த்தேன்.

ஆனால் முதல் தமிழ் வார்த்தை வந்தது என் பாடத்தில் அல்ல. உப்புமாத் தட்டுக்கு முன்னால்! 2023 ஆகஸ்டிலிருந்து எங்களைப் போன்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி உண்டு. "சாம்பார் வேணுங்க" என்றாள், கொங்கு 'ங்க'வோடு. சமையல் அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

தீபாவளி சமயம் அவள் அம்மா வந்தார். வீட்டில் இனிமேல் ஒடியா பேச வேண்டாமென்று யாரோ யோசனை சொன்னார்களாம். "ஐயோ, வேண்டாமுங்க! உங்க பாஷையிலேயே நிறையப் பேசுங்க, கதை சொல்லுங்க" என்றேன். ஆரம்பக் கல்வி தாய்மொழியில் இருப்பதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லியிருக்கிறது. எல்.கே.ஜி. குழந்தையிடம் "கம், ஈட்" என்று மல்லுக்கட்டும் நம் வீட்டு இளம் தாய்மார்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தை பிறந்ததும் அவள் தமிழில் மொட்டுக்கு வந்தாள். கணக்கில் அதற்கு முன்பே மலர். ஏப்ரலில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். எழுத்தே அறியாத அந்த அம்மாவின் கண் மகளின் விரலோடு நகர்ந்தது.

லீவுக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். "ஜூன்ல வந்துருவியா சாமி?" என்றேன். "வர்றேனுங்க டீச்சர்" என்றாள். அவள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மில்லில் வேலை மறுபடியும் இருக்குமோ, இருக்காதோ. மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஒரு தெம்பு. மூன்றாம் வகுப்புப் பட்டியலில் அவள் பெயரையும் எழுதி வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.