மென்பொருளின் இடைமுகமும் அதனை மாற்றுதற்குரிய காலமும்

ஒரு மென்பொருளின் உள்ளுறுப்புக்கள் வேறு. பிறர் எழுதும் நிரல்கள் அதனை அழைத்துப் பணிகொள்ளும் பெயர்களும் முறைகளும் வேறு. பின்னவற்றின் தொகுதியே பொது இடைமுகம் எனப்படும். உள்ளுறுப்புக்களை ஆக்கியோர் வேண்டியபோது திருத்தலாம். இடைமுகமோ அத்தன்மைத்தன்று. அதிலுள்ள ஒரு பெயரை மாற்றின், அப்பெயரை நம்பி எழுந்த நிரல்கள், எந்நாட்டில் எவர் கையில் இருப்பினும், பழுதுறும். மூலநிரலை யாவர்க்கும் திறந்துவைக்கும் மென்பொருளில் இவ்விடர் பெரிது. பயன்கொள்வோர் எத்துணையர் என்பதை ஆக்கியோரே அறியார்.

உரைப்பகுப்பாய்வுக்கு உதவும் என்.எல்.ரி.கே. என்னுங் கருவித்தொகுதியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 2001ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே ஸ்டீவன் பேர்ட், எட்வேட் லோப்பர் என்போர் கற்பித்தற்பொருட்டு இதனைத் தொடங்கினர். உரையைச் சொற்களாகப் பிரித்தல், சொல்வகை குறித்தல், வாக்கிய அமைப்பை மரவுருவிற் காட்டல் முதலியன இதன் தொழில்கள். இவ்விருவரும் யூவன் கிளைனும் சேர்ந்தெழுதிய பாடநூல் 2009இல் வெளிவந்தது. அதனோடு தொகுதியின் பெயர்கள் பல அச்சேறி, மாணாக்கர் மனத்திலும் பதிந்துவிட்டன.

பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு, பழையதனோடு ஒவ்வாததாய், 2008இல் தோன்றியிருந்தது. அதற்கேற்பத் தொகுதியையும் புதுக்க நேர்ந்தபோது, பிற பெயர்களும் முறைகளும் உடன் திருத்தப்பட்டன. 2013இல் முன்னோட்டப் பதிப்புக்களும், 2014இல் சோதனைப் பதிப்புக்களும் வந்தபின்னரே, அவ்வாண்டு செப்டெம்பரில் 3.0 முறையாக வெளியாயிற்று.

அம்மாற்றங்களுள் இரண்டு ஒப்புநோக்கத்தக்கன. வாக்கிய மரத்திலே ஒரு கணுவின் பெயரை அறிய முன்னர் 'நோட்' என்பது வழங்கிற்று. பின்னர் 'லேபல்' வந்தது. பழைய பெயரால் அழைப்பின் நிரல் நின்றுவிடும். புதிய பெயரைக் கையாளுக என்ற அறிவிப்புந் தோன்றும். தொல்லைதான், எனினும் நேர்மையான தொல்லை.

மற்றையது சொற்களின் வருகைத்தொகையைக் கணிக்கும் உறுப்பைச் சார்ந்தது. அதன் 'கீஸ்' என்னும் முறை முன்னர்ச் சொற்களை மிகுதியாய் வருவன முதலாக வரிசைப்படுத்தித் தந்தது. பாடநூலும் 'மோபி டிக்' நாவலில் மிகுதியாய் வரும் ஐம்பது சொற்களை இவ்வாறே எடுத்துக்காட்டிற்று. 3.0இல் அவ்வுறுப்புப் பைதனுக்கே உரிய எண்ணியொன்றின்மேல் அமைக்கப்பட, வரிசை அற்றுப்போயிற்று. அதற்கு 'மோஸ்ட் கொமன்' என்ற வேறு முறை ஏற்பட்டது. பைதன் மூன்றில் பழைய கட்டளை பிழையென்று நின்றுவிடும். ஆனால் 3.0 பைதன் இரண்டிலும் இயங்கிற்று. அங்கே ஐம்பது சொற்கள் தடையின்றி வரும். அவை மிகுதியாய் வருவன அல்ல என்பதை மட்டும் எவரும் உரையார். அப்பட்டியலை ஆய்வேட்டிற் சேர்த்தவன் நிலை யாதாகும்? பெயர் மாறுதலினும், பெயர் நிற்கப் பொருள் மாறுதலே கொடிதெனல் தகும்.

இத்தகைய மாற்றத்துக்குரிய காலம் முறையான வெளியீட்டுக்கு முற்பட்டதே. சோதனைப் பதிப்பைக் கையாள்பவன் அது நிலைபெறாதது என அறிந்தே கையாள்கின்றான். தன் நிரல் முறியுமாயின் ஆக்கியோர்க்கு அறிவிப்பான். அவர்களும் மாற்றத்தை மீளப்பெறலாம். வெளியீட்டின்பின் அவ்வுரிமை சுருங்கும். பழைய பெயரையும் சிலகாலம் வைத்து, அது கைவிடப்படவுள்ளதென எச்சரித்து, பிறிதொரு பதிப்பிலேயே நீக்கவேண்டும்.

பாடநூல் பின்னர் 3.0க்கு ஏற்பத் திருத்தப்பட்டு இணையத்தில் இடப்பட்டது. 2009இல் அச்சான படிகளிலோ ஐம்பது சொற்களும் பழைய முறையிலேயே எடுக்கப்படுகின்றன.