மரத்தைச் சுற்றி ஒரு வட்டம்

இங்கிலாந்தில் ஒரு மனையில் வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் பெரிய ஓக் மரம் நிற்கிறது. அதை யாரும் வெட்டவில்லை, கிளையைக்கூட ஒடிக்கவில்லை. ஆனால் வீடு கட்டி முடித்த சில ஆண்டுகளில் மரத்தின் உச்சி காய்கிறது. பிறகு மரமே பட்டுப்போகிறது. கொன்றது எது?

மரத்தை வரையச் சொன்னால், கிளைகள் மேலே விரிந்த அளவுக்கு வேர்கள் கீழே இறங்குவதாக வரைவோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் ஏறக்குறைய 1 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரவுகின்றன. கிளையின் நிழலையும் தாண்டிப் போகின்றன. வேருக்கும் மூச்சு வேண்டுமல்லவா? மண் துகள்களுக்கு இடையே உள்ள துளைகள் வழியாகத்தான் ஆக்சிஜன் இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரி ஒருமுறை ஏறினாலே பெரிய துளைகள் நசுங்கிவிடும். எஞ்சிய நுண்துளைகளில் நீர் தேங்கும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் திணறிச் சாகிறது. செய்தி உச்சிக்குப் போய்ச் சேரத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

அந்நாட்டின் 1990-ஆம் ஆண்டு நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டம், கட்டட அனுமதி தரும்போது தேவையான இடங்களில் மரங்களைக் காக்கவும் நடவும் நிபந்தனை விதிக்க வேண்டும் என்று உள்ளாட்சி மன்றங்களைப் பணிக்கிறது. எவ்வளவு இடத்தைக் காப்பது? 2012-இல் வெளியான 5837 எண்ணுள்ள பிரிட்டிஷ் தர நிர்ணயம் எளிய கணக்கு ஒன்று தந்தது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, 12 ஆல் பெருக்கு. அதுவே வட்டத்தின் ஆரம்.

நீங்களும் ஒரு நூலால் அளந்து பார்க்கலாம். சுற்றளவு 157 செ.மீ. என்றால் விட்டம் 50 செ.மீ.; ஆரம் 6 மீட்டர்; பரப்பு சுமார் 113 சதுர மீட்டர். முதல் லாரி வருமுன்பே அந்த வட்டத்துக்கு வேலி போட்டுவிட வேண்டும். வேர் என்னவோ காம்பஸ் வைத்து வளர்வதில்லை! ஒரு பக்கம் சாலை இருந்தால் மறுபக்கம்தான் அதிகம் ஓடும். அப்போது பரப்பைக் குறைக்காமல் வட்டத்தின் வடிவத்தை மாற்றலாம் என்றும் அந்தத் தரம் இடம் கொடுத்தது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வீட்டுக்கும் மரத்தால் ஆபத்து உண்டு. களிமண் நீரை இழந்தால் சுருங்கும். 1976-ஆம் ஆண்டுக் கடும் வறட்சியில் தென் இங்கிலாந்தில் பல வீடுகள் விரிசல் கண்டன. மரங்கள் உறிஞ்சிய நீரும் அதற்கு ஒரு காரணம். சரி, மரத்தை வெட்டிவிட்டால்? களிமண் மீண்டும் நீர் குடித்து உப்பி, அஸ்திவாரத்தையே தூக்கும். ஆகவே, மரத்தை ஒட்டிக் கட்டும்போது அஸ்திவாரத்தை ஆழமாக்குகிறார்கள்.

வயல் ஓரத்து உயிர்வேலிகளுக்குத் தனியாக 1997-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. அவற்றுக்கு உட்பட்ட வேலியைப் பிடுங்குவதற்கு முன்பு மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். முடிவு சொல்ல மன்றத்துக்கு 42 நாள். 30 ஆண்டுக்கு மேற்பட்டு, வேறு சில தகுதிகளும் உள்ள வேலியைப் பிடுங்க மன்றம் தடை போடலாம். வீட்டுத் தோட்ட வேலிகள் இதில் சேரா.

ஆனால் ஒன்று: முழுக் கட்டட அனுமதி கிடைத்துவிட்டால், அந்தக் கட்டடத்துக்காக அகற்றியே தீரவேண்டிய மரத்துக்கோ வேலிக்கோ மறுபடி ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் விண்ணப்பத்தோடு வரும் வரைபடத்திலேயே மன்றத்தார் அந்த வட்டங்களைத் தேடுகிறார்கள்.