எளிய ஐதரோகார்பன்களின் வேதிவினைகள்

ஐதரோகார்பன்கள் என்பன கார்பன், ஐதரசன் ஆகிய இரு தனிமங்கள் மட்டுமே கொண்ட சேர்மங்கள் ஆகும். கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பே இவற்றின் வினைத்திறனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

எரிதல்

ஐதரோகார்பன்கள் போதிய ஆக்சிசனில் எரிந்து கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் தருகின்றன, வெப்பமும் வெளிப்படுகிறது. சமையல் எரிவளியிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகியவை இவ்வாறே எரிகின்றன. ஆக்சிசன் போதாதபோது நச்சுவளியான கார்பன் மோனாக்சைடும் கரிப்புகையும் உண்டாகின்றன.

பதிலீடும் கூட்டலும்

ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட மீத்தேன் எளிதில் வினைபுரியாது. ஆயினும் ஒளி படும்போது அதன் ஐதரசன் அணுவை நீக்கி, குளோரின் அணு அவ்விடத்தில் அமர்கிறது. இது பதிலீட்டு வினை எனப்படும். இரட்டைப் பிணைப்புள்ள எத்திலீனும் முப்பிணைப்புள்ள அசிட்டிலீனும் புரோமினைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு அதன் செம்பழுப்பு நிறத்தைப் போக்குகின்றன. இது கூட்டு வினை எனப்படும்.

பழம் பழுக்கவைத்தல்

காய்களைப் பழுக்கச் செய்யும் இயற்கை ஊக்குநீர் எத்திலீன் ஆகும். கார்பைடு கல் எனப்படும் கால்சியம் கார்பைடு, ஈரத்துடன் வினைபுரிந்து அசிட்டிலீனைத் தருகிறது. 1862 இல் பிரீட்ரிக் வோலர் அறிவித்த வினை இதுவே. அசிட்டிலீன், எத்திலீனைப் போன்றே காய்களில் செயற்படினும் அதன் வலு மிகக் குறைவு. மேலும், கல்லிலுள்ள மாசுகளால் ஆர்சைன், பாசுபைன் ஆகிய நச்சுவளிகளும் வெளிப்படலாம். அசிட்டிலீன் எளிதில் தீப்பற்றவும் கூடும். எனவே இந்தியாவில் இம்முறை தடை செய்யப்பட்டுள்ளது. மாறாக, பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வளியைப் பயன்படுத்த 2016 இல் இசைவளிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம் போன்ற மா விளையும் பகுதிகளில் உழவரும் வணிகரும் நுகர்வோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது.