ஒரே பெட்டிக்கு இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் கல்யாண வீடியோவும் மாதா கோயில் திருவிழா வீடியோவும் எடிட் செய்து ஜீவனம் நடத்தும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், தம் பழைய கம்ப்யூட்டரில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்திவிட்டார் என்றும், பெட்டிக்குள் இருக்கும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். அந்தச் சுமையைத் தாங்கமாட்டாமல், வேலை பாதி நடக்கையில் பட்டென்று அணைந்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பொன்னேரியில் உள்ள மெக்கானிக்கைக் கேட்டால், "புதுசா 750 வாட் எதுக்குண்ணே? சும்மா கிடக்குற பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சேர்த்து மாட்டிடலாம்" என்று யோசனை சொல்லக்கூடும். இதை அசட்டு யோசனை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டைச் சேர்த்தால் பலம் இரட்டிக்கும் என்று சாதாரணமாக எண்ணுகிறோமே, அந்த எண்ணத்தில்தான் அபாயம் இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றி, முறையே மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுக் கம்பிகளில் அனுப்பி, கறுப்புக் கம்பிகளின் வழியே திரும்பப் பெறும் சாதனம். இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி, கம்ப்யூட்டரின் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை நேராகத் தொடுவதில்லை; பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சைக் கம்பி ஒன்றைக் கறுப்புக் கம்பியோடு இணைக்க, அந்தச் சமிக்ஞையைக் கண்டபிறகே எஸ்.எம்.பி.எஸ். விழித்துக்கொள்கிறது. இரண்டாவதாகச் சேர்க்கப்படும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இப்படிக் கட்டளையிட மதர்போர்டு கிடையாதாகையால், மெக்கானிக்குகள் ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, U போல வளைத்து, ஒரு முனையைப் பச்சையிலும் மறுமுனையைக் கறுப்பிலும் சொருகிவிடுகிறார்கள். அது விழித்துக்கொள்கிறது, வாஸ்தவந்தான். ஆனால் முதலாவது உறங்கும்போது இது உறங்குவதில்லை. கம்ப்யூட்டரை அணைத்தபின்னும் இரண்டாவதிலிருந்து வரும் 12 வோல்ட் கார்டின் வழியே மதர்போர்டுக்குள் கசிந்து, விசிறிகள் தாமாகவே துடிப்பதுண்டு. முதலாவது எழுந்தவுடன் இரண்டாவதையும் எழுப்பி, அணையும்போது சேர்த்தே அணைக்கும் சிறு ரிலே பலகை ஒன்று மலிவு விலைக்குக் கிடைக்கும்போது, ஜெம் கிளிப்பை நம்புவது சிக்கனம் ஆகாது.

எழுப்புவதைவிடப் பெரிய விஷயம் பங்கீடு. 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் 5 சதவீத ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்பட்டிருப்பதால், ஒன்று 12.2 கொடுக்கும், மற்றொன்று 11.9 கொடுக்கும். இரண்டின் மஞ்சள் கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக்கினால், உயர்ந்தது சுமை அனைத்தையும் தன் தலைமேல் இழுத்துக்கொள்வதோடு, தாழ்ந்ததற்குள்ளும் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். இதைப் பழவேற்காட்டு மீனவருக்கு விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் இறால் வலைக்காரர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் பாடு முறையில், ஏரியின் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிக்கிறார்கள். ஒருவர் பாட்டில் மற்றொருவர் வலை இறக்குவதில்லை, ஆனால் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றே. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் அதுவே சட்டம்: மஞ்சள் கம்பிகள் தத்தம் பாட்டோடு நிற்கவேண்டும், கறுப்புக் கம்பிகள் மாத்திரம் ஒன்றாய்க் கலந்திருக்கவேண்டும். கறுப்பு பொதுவாக இல்லாவிட்டால், இரு பக்கமும் எதைப் பூஜ்யம் என்று கொள்வது என்பதிலேயே குழப்பம் நேர்ந்து, கார்டும் மதர்போர்டும் ஒன்றின் சமிக்ஞையை மற்றொன்று தவறாகப் படிக்கும்.

ஆகவே மதர்போர்டு, பிராசஸர், டிஸ்க் எல்லாம் முதலாவதன் வசம். கிராபிக்ஸ் கார்டின் தலையில் சொருகும் எட்டு முனைக் கம்பிகள் மட்டும் இரண்டாவதன் வசம். கார்டு ஸ்லாட்டின் வழியே 75 வாட் வரையிலும், ஒவ்வோர் எட்டு முனைச் சொருகியின் வழியே 150 வாட் வரையிலும் பெற்றுக்கொள்ளலாம் என்பது விதி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் முறையைக் கைவிடும் வரையில், உலகெங்கும் அதைத் தோண்டியவர்கள் ஒரே மதர்போர்டில் ஆறு, எட்டு கார்டுகளை மாட்டி இரண்டு மூன்று எஸ்.எம்.பி.எஸ்.களை ஓட்டியது இந்தப் பங்கீட்டை நம்பித்தான். கார்டைத் தூக்கிப் பிடிக்கும் ரைசருக்கு, 54 வாட்டுக்குமேல் தாங்காத சாட்டா சொருகியிலிருந்து மின்சாரம் எடுத்து, அது உருகிக் கருகக் கண்டவர்களும் அவர்களில் பலர்.

இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் கேபினட்டுக்கு வெளியே, மேஜைமேல் திறந்த நிலையில் கிடக்கும். ஏரிக்கரையில் இது ஒரு தனி உபத்திரவம். உப்புக்காற்றில் சொருகியின் பித்தளை முனைகளில் பச்சை பூத்து, தொடுமிடம் கெட்டு, தொடுமிடம் கெட்டதனால் சூடேறி, வெள்ளைப் பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகிறது. எர்த் இன்னொரு கவலை. எர்த் முனை வேலை செய்யாத பிளக்கில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சொருகினால், அதனுள் இருக்கும் வடிகட்டிக் கண்டென்சர்களின் வழியாக இரும்புப் பெட்டிமேல் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் ஏறி நின்று, தொட்ட விரலைச் சுருக்கென்று கடிக்கிறது. ஏரியோரத்து ஈர உப்பு மண் எர்த்துக்கு உகந்ததே. ஆனால் புதைத்த கம்பியை அந்த உப்பே அரித்துத் தின்றுவிடுவதால், என்றோ போட்ட எர்த் இன்றைக்கும் இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

சுமையைப் பகிர்வதற்கன்றி, ஒன்று போனால் மற்றொன்று உதவும் என்று இரண்டை வைப்பது வேறு சங்கதி. சர்வர்களில் இரண்டும் சேர்ந்து பாதிப்பாதி சுமக்கும். ஒன்று செத்தால் மற்றது முழுச்சுமையையும் ஏற்கும். அதற்கென்று அவற்றினுள் தனிச் சுற்றுகள் அமைந்திருக்கின்றன. வீட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அவை இல்லை. தவிரவும், கிராமத்தில் அடிக்கடி போவது எஸ்.எம்.பி.எஸ். அன்று, கரண்ட். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில் இதைச் சரியாக உணர்ந்து, சூரிய மின்சாரத்தையும் ஊர் மின்சாரத்தையும் சேர்த்துக் கணினிகளை ஓட்டினார்கள்; வீராம்பட்டினம் மீனவர்கள் கடலுக்குப் போகுமுன் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டறிந்தது அத்திட்டத்தின் பயனாகத்தான். இரண்டு வழி வேண்டுமானால் அது பெட்டிக்கு வெளியே வேண்டும். ஒரே கம்பத்துக் கம்பியில் தொங்கும் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். இரண்டு வழி ஆகா.

நம் ஸ்டூடியோக்காரருக்கு என் அபிப்பிராயம், நல்லதாக ஒரே 750 வாட் வாங்குவதே. திருவிழா சீஸன் முடியும்வரை பழையதையும் சேர்த்துத்தான் ஓட்டவேண்டும் என்றால், ரிலே பலகை போட்டு, இரு பிளக்கையும் எர்த் சரிபார்த்த ஒரே சுவிட்சுப் பலகையில் சொருகட்டும். ஆனால் கரண்ட் போகையில் தாங்கிப் பிடிக்கும் என்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸை நம்பவேண்டாம்; அது 360 வாட்டுக்குமேல் தாங்காது. இரண்டையும் அதில் மாட்டினால், கரண்ட் போன கணமே அது கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.