பழைய ஃபர்னஸின் காற்றாடி: கோளாறும் சீரமைப்பும்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஏராளமான வீடுகளைச் சூடாக்குவது, நிலவறையில் நிற்கும் ஃபர்னஸ். அதனுள் எரிவாயுவோ எண்ணெயோ எரிந்து ஓர் உலோக அறையைச் சூடாக்கும். அந்த அறையைச் சுற்றிக் காற்றை ஓட்டி, தகரக் குழாய்கள் வழியே வீடு முழுக்கத் தள்ளுவது புளோயர் எனப்படும் காற்றாடி. தீ எரிந்தும் வீடு சில்லிட்டுக் கிடந்தால், மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டுவது வழக்கம். பல நேரம் அது அவசர முடிவு.

முதலில், கோளாறே இல்லாத ஒரு தாமதம் உண்டு. பழைய ஃபர்னஸில் தீ பற்றியவுடன் காற்றாடி ஓடாது. உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகே ஒரு சுவிட்ச் அதை ஓடவிடும். தீ அணைந்த பின்னும், சூடு 90 அல்லது 100 டிகிரிக்கு இறங்கும்வரை ஓடவைக்கும். அதே சுவிட்ச், சூடு 200 டிகிரியை நெருங்கினால் தீயை அணைத்துவிடும். வீடு சூடாகும் முன்பே தீ அடிக்கடி அணைந்து அணைந்து எரிந்தால், போதிய காற்று ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்கு முதல் காரணம் தூசி அடைத்த ஃபில்டர். குளிர்காலத்தில் அதை மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும்.

காற்றாடி அசையவே இல்லையென்றால் பிரேக்கரைப் பார்க்க வேண்டும். ஃபர்னஸுக்கென்று தனியாக உள்ள சுவிட்சை யாரோ விளக்குச் சுவிட்ச் என்று நினைத்து அணைத்திருக்கவும் கூடும். சில மாடல்களில் கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் மின்சாரம் வராது.

மோட்டார் முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்பது வேறு கதை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காற்றாடியின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இறுகி நின்றால் பேரிங் போயிருக்கும். லேசாகச் சுற்றினால் சந்தேகம், மோட்டாரைச் சுற்றவைக்க உதவும் கெப்பாசிட்டர் மேல். கையால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடும் சீலிங் ஃபேனுக்கும் இதே நோய்தான். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் சோதனையே தேவையில்லை. இல்லையென்றால், மீட்டர் காட்டும் அளவை அதன் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணோடு ஒப்பிடலாம். பொதுவாக 5 முதல் 10 வரை இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே, தொடுமுன் ஒரு மின்தடையை இரு முனைகளுக்கும் இடையே வைத்து அதை வடித்துவிட வேண்டும். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். வோல்ட் அளவு கூடலாம், குறையக் கூடாது.

இன்னும் பழைய ஃபர்னஸ்களில் மோட்டார் தனியாக நின்று, பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுழற்றும். கிறீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் அமிழ வேண்டும். விறைப்பாகக் கட்டினால் நல்லது என்று நினைப்பவர்கள் பேரிங்கைத் தேயவைக்கிறார்கள். பேரிங் முனைகளில் எண்ணெய்க் குழிகள் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை மின்மோட்டாருக்கான எண்ணெய் சில சொட்டுப் போதும். கார் எஞ்சின் எண்ணெயில் டிடர்ஜென்ட் கலந்திருப்பதால் அது உதவாது.

எல்லாம் சரியாக இருந்தும் காற்று மந்தமாக வந்தால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். அதன் வளைந்த இதழ்களுக்குள் தூசி ஒட்டடையாகப் படிந்திருக்கும். பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கலாம். இதழ்களில் செருகியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்புகளைக் கழற்றக் கூடாது: சக்கரம் ஆடாமல் சுற்றுவது அவற்றால்தான். மோட்டார் உண்மையிலேயே எரிந்திருந்தால், புதியதன் குதிரைத்திறன், வேகம், தண்டின் தடிமன், சுழலும் திசை நான்கும் பொருந்த வேண்டும். திசை மாறினாலும் காற்று வரத்தான் செய்யும், வெகு குறைவாக. அதனாலேயே இந்தத் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை.

காற்றாடி ஓடத் தொடங்கியதும் தீ நாக்குகள் அலைபாய்ந்தால், உலோக அறையில் விரிசல் இருக்கலாம். விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும். அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். அப்போது ஃபர்னஸை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். அவர் பார்க்கும்வரை அதை மீண்டும் பற்றவைக்கக் கூடாது.