மாசமா இருக்கிற அக்கா, மாசி மாசத் தோட்டம், ஒரு கறுப்புப் பூனை

இந்த எபிசோடை மடிப்பாக்கத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்ணினேன். நடுவுல காக்கா சத்தம், பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் எல்லாம் வரும். எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல. பொறுத்துக்கோங்க.

இப்போ மாசி மாசம். சென்னையில வசந்த காலம்னு தனியா ஒண்ணு வந்து கதவைத் தட்டாது. ஆனா தை முடிஞ்சு பங்குனி வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். விடியக்காலையில லேசா குளிர், பகல்ல 31, 32 டிகிரி, மழை கிடையாது. வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை எல்லாம் இப்போ போட்டாத்தான் அக்னி வெயிலுக்கு முன்னாடி வேர் பிடிச்சு நிக்கும். கவாத்து பண்ணின மல்லி துளிர் விட்டு பங்குனியில மொட்டு வைக்கும். மாடித் தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு ஸ்பிரிண்ட் கடைசி வாரம் மாதிரி ஒரு சீசன்.

பூனைக்கும் அப்படித்தான். எங்க மிளகுக்கு வயசு நாலு. நான் புது மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து தொட்டியில கொட்டினா, விதை போடறதுக்கு முன்னாடியே வந்து ஆய்வு பண்ணுவா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. மெத்துனு, காஞ்சு, தோண்ட வசதியா இருக்கிற அகலமான தொட்டி பூனைக்கு வேற என்னவா தெரியும்? நமக்கு அது கீரைப் பாத்தி. அவளுக்கு கழிப்பறை.

போன வருஷம் மாசி வரைக்கும் இது எனக்கு ஒரு ஜோக்காத்தான் இருந்தது. அப்புறம் அக்காவுக்கு வளைகாப்பு முடிஞ்சு, ஏழாம் மாசம் எங்க வீட்டுக்கு வர்றதா முடிவாச்சு. பாட்டி ஒரே வரியில சொல்லிட்டாங்க: "மாசமா இருக்கிறவ வர்ற வீட்டுல பூனை எதுக்குடா? எங்கயாவது மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வா." அம்மா எதுவும் பேசல. பேசலன்னா பாட்டி சொன்னதுதான்னு அர்த்தம்.

எனக்கு செம கோபம். மூடநம்பிக்கைன்னு நிரூபிக்கணும்னுதான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, பாட்டி பாதி சரி.

விஷயம் இதுதான். டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு. ஆடு, எலி, மனுஷன்னு பல உயிர்கள்ல தங்கும். ஆனா அது முட்டை மாதிரியான ஒரு வடிவத்தை உருவாக்கி வெளியே விடறது பூனைக் குடும்பத்தோட குடல்ல இருந்து மட்டும்தான். எலியையோ பறவையையோ பச்சைக் கறியையோ தின்ன பூனைக்கு அது தொத்தும். முதல் தடவை தொத்தினதும் ஒண்ணுல இருந்து மூணு வாரம் வரைக்கும் மலத்துல லட்சக்கணக்குல வெளிய வரும். அதுக்கப்புறம் பெரும்பாலும் நின்னுடும். வெளிய வந்த உடனே அது தொத்தாது, முதிர ஒரு நாள்ல இருந்து அஞ்சு நாள் வரை ஆகும். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்தக் கதையும் இதுலதான் இருக்கு. அதாவது தினமும் சுத்தம் பண்ற மணல் தட்டுல ஆபத்து ரொம்பக் குறைவு. யாரும் பார்க்காத தொட்டி மண்ணுல, ஈரமும் நிழலும் இருந்தா, மாசக்கணக்குல உயிரோட கிடக்கும்.

ஏற்கனவே இந்தத் தொற்று வந்து போன பெண்ணுக்குப் பொதுவா பயம் இல்ல. கர்ப்பமா இருக்கும்போது முதல் தடவையா வந்தாத்தான் சிக்கல். குழந்தையோட மூளை, கண் பாதிக்கலாம், கருவே கலையலாம். ஆரம்ப மாசங்கள்ல வந்தா பாதிப்பு கடுமையா இருக்கும். கடைசி மாசங்கள்ல வந்தா குழந்தைக்குப் போய்ச் சேர்ற வாய்ப்பு அதிகம். அக்கா டாக்டர்கிட்ட கேட்டு ரத்தப் பரிசோதனை பண்ணினா. இதுவரைக்கும் தொற்று வந்ததே இல்லைன்னு ரிசல்ட். கேட்க நல்லா இருக்குல்ல? அதுக்கு அர்த்தம், அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லைன்னு.

இப்போ என் நிலைமையை யோசிங்க. ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் குட்டியில இருந்து வளர்த்த மிளகு. அன்னிக்கு சாயங்காலம் மாடிக்குப் போனா, அரைக்கீரை விதைச்ச தொட்டியில நல்லா தோண்டி, மூடி, வேலை முடிச்சு வச்சிருக்கு. பாட்டி பின்னாடியே வந்து எட்டிப் பார்த்துட்டு, "பாத்தியா"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஆபீஸ்ல ஒரு பழக்கம் இருக்கு. லாக் பார்க்காம பக் யாரோடதுன்னு சொல்லக் கூடாது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணை சார்ஜர்ல போட்டு, தண்ணி டேங்க் மேல வச்சு, மாடி லைட்டை அணைக்காம விட்டு, மூணு ராத்திரி ரெக்கார்ட் பண்ணினேன். மிளகு ராத்திரி என் கட்டில்லதான் தூங்குவா, மாடிக்கதவு பூட்டியிருக்கும். ரெண்டாவது ராத்திரி, மணி மூணேகால். பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர்ல இருந்து ஒரு பெரிய கடுவன் பூனை குதிச்சு, நேரா கீரைத் தொட்டிக்குள்ள போச்சு. சொந்த வீட்டு பாத்ரூமுக்குப் போற தோரணை.

அந்த வீடியோவை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். பாட்டி போனை வாங்கி ரெண்டு தடவை பார்த்தாங்க.

மிளகு உலர் தீனியும் வேகவைச்ச சிக்கனும் சாப்பிடற பூனை. நாலு வயசு, எலி பிடிச்ச சரித்திரம் கிடையாது, கரப்பான் வந்தாலே சோபாவுக்கு அடியில போயிடுவா. எலி தின்னு வளர்ற தெருப்பூனைதான் அந்த மண்ணுக்கு உண்மையான ஆபத்து. மிளகைக் கொண்டு போய் விட்டிருந்தா எல்லாரும் நிம்மதியா மூச்சு விட்டிருப்போம். அக்கா தைரியமா மாடிக்கு வந்து அந்தத் தொட்டியில கொத்தமல்லி கிள்ளியிருப்பா. நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், சி.டி.சி., கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அறிவுரையிலயும் வளர்க்கிற பூனையைக் கைவிடச் சொல்லல. மணல் தட்டை வேற ஆள் தினமும் சுத்தம் பண்ணணும், மண்ணைத் தொட்டா கையுறை போடணும், கறியை நல்லா வேகவைக்கணும், புதுசா தெருக்குட்டியைத் தூக்கிட்டு வரக் கூடாதுன்னுதான் சொல்லுது.

சரி, என்ன பண்ணினோம்? அந்தத் தொட்டி மண்ணை முழுசா ரெட்டைப் பையில கட்டி குப்பைக்கு அனுப்பினேன். மனசு வரல, ரெண்டு மாசம் பக்குவப்படுத்தின மண்ணு. காலித் தொட்டியில கொதிக்கிற தண்ணி ஊத்தினேன். பிளீச்சிங் பவுடர் போதும்னு நினைக்காதீங்க, இந்த முட்டைக்கு அது உறைக்காது. சூடுதான் கொல்லும். புதுசா விதைச்ச எல்லாத் தொட்டி மேலயும் கோழிக்கூண்டுக்குப் போடற கம்பி வலையை வெட்டி வச்சு, ஓரத்தை உள்பக்கமா மடிச்சேன். நாத்து வலைக்கண் வழியா மேல வந்துடும், பூனையால தோண்ட முடியாது. பெரிய செடித் தொட்டிகளுக்கு வலை வேண்டாம், கூழாங்கல்லோ தேங்காய் மட்டைத் துண்டோ நெருக்கமா பரப்பினா போதும். ஆரஞ்சுத் தோல் போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. மிளகு அதை ஒரு ஓரமா நகர்த்தி வச்சுட்டு வேலையைப் பார்த்தா.

வலை மட்டும் போட்டா பூனை வேற தொட்டி தேடும். அதனால மாடிப்படி நிழல்ல அவளுக்குன்னு பெரிய மணல் தட்டு ஒண்ணு வச்சோம். தினமும் காலையில அதை அள்றது என் வேலை, ஆபீஸ் கால் இருந்தாலும் சரி.

சமையலறையில ஒரே ஒரு மாற்றம், ஆனா அதுதான் முக்கியம்னு நினைக்கிறேன். வேகவைக்கிற கீரையில பயம் இல்ல. நம்ம வீட்டுல பச்சையா உள்ள போறது எது? ரசத்துல இறக்கின அப்புறம் தூவுற கொத்தமல்லி, புதினாச் சட்னி, வெள்ளரிப் பிஞ்சு. அக்கா தட்டுக்கு மட்டும் கொத்தமல்லி கொதியிலயே போட்டாங்க. அந்த மூணு மாசம் அவ ரசத்தைக் குறை சொன்ன மாதிரி வேற எதையும் சொல்லல.

மறுபக்கமும் இருக்கு. தோட்டம் பூனைக்கு என்ன பண்ணும்? மாசி, பங்குனியில காத்து காய ஆரம்பிச்சதும் மாவுப்பூச்சி வரும், எறும்பு அதைத் தூக்கிட்டு செடி செடியா ஏத்தும். உடனே எறும்பு சாக்பீஸ், ஸ்பிரேன்னு போவோம். சில மருந்துகளையும் ரசாயனங்களையும் உடைச்சு வெளியேத்துற ஒரு என்சைம் வழி பூனையோட கல்லீரல்ல ரொம்ப பலவீனம். நமக்கு சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்றது அதனாலதான். பெர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்தும் பூனைக்குப் பெரிய ஆபத்து. உடம்புல பட்டதை நக்கியே சுத்தம் பண்ற பிராணி வேற. நான் முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு மாவுப்பூச்சியைக் கழுவுவேன். போகலைன்னாத்தான் நீர்த்த வேப்பெண்ணெய், அதுவும் இலை காயற வரைக்கும் மாடிக்கதவு பூட்டு.

செடிகள்ல மணி பிளாண்ட் கடிச்சா வாய் எரிஞ்சு எச்சில் ஒழுகும், பெரும்பாலும் தப்பிச்சிடும். அரளி, அடீனியம், சைகஸ் எல்லாம் உயிருக்கே ஆபத்து. நம்ம மாநில மலர் செங்காந்தளும் அப்படித்தான். மாசியில செடி காஞ்சு போய் தொட்டி காலியா தெரியும், கிழங்கு உள்ள தூங்கிட்டிருக்கும், பூனை தோண்டும். எல்லாத்தையும் விட மோசம் லில்லி. பொக்கேயில வருமே, அந்தப் பெரிய வாசனைப் பூ. இலையைக் கடிக்கவே வேண்டாம், உடம்புல ஒட்டின மகரந்தத்தை நக்கினாலே, ஜாடித் தண்ணியைக் குடிச்சாலே மூணு நாளைக்குள்ள சிறுநீரகம் செயலிழக்கலாம். அதுல இருக்கிற எந்தப் பொருள் இதைப் பண்ணுதுன்னு இன்னும் கண்டுபிடிக்கல. சந்தேகம் வந்தா அறிகுறிக்குக் காத்திருக்காம அப்பவே டாக்டர்கிட்ட ஓடுங்க. வளைகாப்புக்கு வந்த பொக்கேயில ரெண்டு லில்லி இருந்தது. வாசல்லயே பிரிச்சு எடுத்துட்டேன், கொண்டு வந்தவங்க முகம் சுருங்கிடுச்சு.

கடிக்கணும்னு பூனைக்குத் தோணத்தான் செய்யும். அதுக்கு ஒரு சின்னத் தொட்டியில கோதுமை முளைக்க வைங்க. பத்து நாள்ல ஒரு சாண் வளரும். அம்மா அதை 'மிளகோட முளைப்பாரி'ன்னு சொல்றாங்க.

இன்னொண்ணு, காசே செலவில்லாதது. கூப்பிடாமலே தொட்டியில முளைக்கிற குப்பைமேனி. அதுக்கு இன்னொரு தமிழ்ப் பேரு பூனைவணங்கி. பேரு சும்மா வரல. வேரோட பிடுங்கிப் போட்டா மிளகு அது மேல கன்னத்தைத் தேய்ச்சு, உருண்டு, வழிஞ்சு, அஞ்சு நிமிஷம் ஆளே மாறிடுவா. வெளிநாட்டுப் பூனைப் பொம்மைகள்ல இருக்கிற கேட்னிப் இலையோட வாசனைப் பொருளுக்கு நெருங்கின உறவு ஒண்ணு இந்த வேர்ல இருக்கு. இதே குடும்பத்துப் பொருள் இருக்கிற வேறொரு செடியை வச்சு ஜப்பானோட இவாட்டே பல்கலைக்கழகம் 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டது. பூனை அதைத் தேய்ச்சுக்கிட்டா கொசு கம்மியா உட்காருதுன்னு காட்டினாங்க. தேய்க்க மட்டும் விட்டுட்டு வேரை எடுத்துடுங்க, நிறைய தின்ன விடாதீங்க.

அக்காவுக்கு வைகாசியில பையன் பிறந்தான். இப்போ தவழ்றான், மணல் தட்டு இன்னும் ஒரு படி மேல ஏறியிருக்கு. கடுவன் அப்பப்போ சுவர்ல வந்து உட்கார்ந்து வலையைப் பார்த்துட்டுப் போகுது. இன்னிக்குக் காலையில களை எடுக்க பாட்டிதான் மாடிக்கு வந்தாங்க. எல்லாக் களையையும் வாளியில போட்டவங்க, குப்பைமேனியை மட்டும் வேரோட உதறி என்கிட்ட நீட்டினாங்க. "இந்தா, அந்தக் கறுப்பிக்கு."

மிளகு மைக் ஒயரைக் கடிக்க ஆரம்பிச்சுட்டா. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.